மேசைக்கு ஒரு மொழி
வாசகர் கேள்வி – பதில்

உரையாடல் வட்டம், இருவர் தத்தம் மொழியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் டேண்டம் சந்திப்பு, உருவாக்கப்பட்ட பொதுமொழியான எஸ்பெராண்டோவுக்கான குழு என்று பல நாட்டவர் கூடி மொழி பயிலும் மன்றங்களைப் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் சிலவற்றுக்கு, மன்றங்களை நடத்துபவர்களும் மொழி ஆசிரியர்களும் சேர்ந்த குழு இந்த இதழில் பதில் தருகிறது. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

வீட்டில் சௌராஷ்டிரம், பள்ளியில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம். இப்போது ஜெர்மன் பி1 (இடைநிலை) படிக்கிறேன். இணையவழி வட்டத்தில் புதிதாக வருகிறவர் எல்லோரும் முதலில் கேட்பது ‘உன் தாய்மொழி என்ன?’ தமிழ் என்றால் வீட்டாருக்குத் துரோகம் செய்தது போல இருக்கிறது. சௌராஷ்டிரம் என்றால் கால் மணி நேரம் விளக்க வேண்டியிருக்கிறது. என்ன சொல்வது?
– வாசகி, மதுரை

அந்த ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஃபின்லாந்து மொழியியலாளர் தோவே ஸ்குட்னாப்-காங்காஸ் அவற்றைப் பிரித்துக் காட்டினார். முதலில் கற்றது எது? நன்றாகத் தெரிந்தது எது? அதிகம் புழங்குவது எது? எந்த மொழிக்காரர் என்று உங்களை நீங்கள் கருதுகிறீர்கள், மற்றவர்கள் கருதுகிறார்கள்? ஒரே மொழியில் வளர்ந்தவருக்கு நான்குக்கும் ஒரே விடை வந்துவிடும். உங்களுக்கு முதலாவதற்குச் சௌராஷ்டிரம், இரண்டாவதற்குத் தமிழ், மூன்றாவதற்கு வார நாட்களில் ஆங்கிலம் என்று வரலாம். நான்காவதை உங்களைத் தவிர வேறு யாரும் நிரப்ப முடியாது. அது வயதோடு மாறினாலும் தப்பில்லை.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சிறுவயதில் தாய் உங்களோடு பேசிய மொழியைத் தாய்மொழி என்று பதிகிறது. அதற்கு மேல் தெரிந்த இரண்டு மொழிகளையும் குறித்துக்கொள்கிறது. அரசாங்கப் படிவமே மூன்று மொழிக்கு இடம் விட்டிருக்கும்போது நீங்கள் ஒன்றிலேயே நிற்க வேண்டியதில்லை.

நடைமுறைக்கு வருவோம். கால் மணி நேர விளக்கத்தை முப்பது விநாடிக்குள் சொல்கிற மாதிரி ஜெர்மனில் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மூன்று வாக்கியம் போதும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம், பல நூற்றாண்டுக்கு முன் குஜராத் பக்கமிருந்து தெற்கே வந்த நெசவுக் குடும்பங்களின் மொழி அது. படித்தது தமிழில். வேலை பார்ப்பது ஆங்கிலத்தில். இதில் நிகழ்காலம், இறந்தகாலம், ஒரு இணைப்பு வாக்கியம் மூன்றும் வந்துவிடுவதால் பி1 நிலைக்கு நல்ல பயிற்சியும் ஆகிறது. சொல்லி முடித்த கையோடு ‘உங்கள் வீட்டில் எப்படி?’ என்று திருப்பிக் கேளுங்கள். பாட்டியிடம் வட ஜெர்மனியின் பிளாட்டாய்ச், அம்மாவிடம் துருக்கியம் என்று எதிரில் இருப்பவரும் அவிழ்ப்பார். எழுத்தைக் காட்டு என்று கேட்டால், சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு, யூனிகோடிலும் ஏறிவிட்டது என்று சொல்லலாம்.

பன்னிரண்டு பேர் கொண்ட வட்டம் நடத்துகிறோம். பிரெஞ்சு, ஜப்பானியம், ஸ்பானியம் பயில்பவர்கள். ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம். பத்தாவது நிமிடத்தில் எல்லாம் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் வழுக்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்குத் தடை போட்டோம். மறு வாரம் ஆறு பேர்தான் வந்தார்கள்.
– வாசகர், சென்னை

தடை போட்டால் அப்படித்தான் ஆகும். பேசத் தெரியாதவர் முதலில் வாயை மூடுவார், அப்புறம் வருவதை நிறுத்துவார். ஆங்கிலம் எந்த வழியாக நுழைகிறது என்று பார்த்து அந்தந்த வழியை அடைக்க வேண்டும்.

முதல் வழி, சொல் கிடைக்காத நொடி. அதற்கு மீட்பு அட்டை. விசிட்டிங் கார்டு அளவில் எட்டு வாக்கியம், பயிலும் மொழியிலேயே: இதற்கு என்ன சொல்வார்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக. அது ஒரு மாதிரியான பொருள், இதற்குப் பயன்படும். எனக்குப் புரிந்தது இவ்வளவு. நான் சொல்ல வந்தது அதில்லை. ஒரு நிமிடம், யோசிக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்று இருக்கட்டும். இந்த எட்டும் சரளமாக வந்துவிட்டால் ஏ2 என்ற தொடக்க நிலைக்காரர்கூட அரை மணி நேரம் தாக்குப்பிடிப்பார்.

இரண்டாவது வழி, நிர்வாகப் பேச்சு. டீ சொல்வது, அடுத்த வாரத் தேதி, பணம் வசூல். இதை ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டால் திரும்பி வர மாட்டீர்கள். சந்திப்பின் நடுவில் பத்து நிமிட இடைவேளை விட்டு, எல்லா நிர்வாகமும் அதற்குள், எந்த மொழியில் வேண்டுமானாலும் என்று வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வழி, தாமதமாக வருகிறவர். அவருக்காக ஒரு மேசையே ஆங்கிலத்துக்கு மாறி நலம் விசாரிக்கும். வந்தவர் அடுத்த சுற்று வரை ஓரமாக உட்கார்ந்து கேட்கட்டும்.

மேசைக்கு ஒரு மொழி, நான்கு பேர். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் ஒருவர் மௌனமாகிறார். ஆறு பேர் என்றால் பேச்சு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கட்டாயம் தமிழுக்குப் போகும். இருபது நிமிடச் சுற்றுகள் மூன்று. இடைவேளையோடு எழுபது நிமிடம், மிச்சம் வந்து உட்காரவும் கலையவும். நால்வரில் இருவர் கொஞ்சம் தேர்ந்தவராகவும் இருவர் புதியவராகவும் இருக்க வேண்டும். புதியவரே முதலில் பேசத் தொடங்கட்டும். சான்றிதழைப் பார்த்து நிலை பிரிக்காதீர்கள். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது; அதன் நடு நிலையான என்3 தேறியவர் ஒரு வாக்கியமும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது சாதாரணம்.

உங்கள் வட்டத்தின் உண்மையான சிக்கல் வேறு என்று தோன்றுகிறது. நான்கு தமிழர் ஒரு மேசையில் உட்கார்ந்து ஜப்பானியம் பேசும்போது நாடகம் போடுகிற கூச்சம் வரும். அந்நியர் முன் தப்பாகப் பேசுவதைவிட நம் ஆள் முன் தப்பாகப் பேசுவது கடினம். ‘ரொம்பத்தான் அலட்டுறான்’ என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அது. இதற்கு இரண்டு மருந்து. மேசைக்கு ஒருவராவது தமிழ் தெரியாதவர் இருக்கும்படி பாருங்கள். வெளிநாட்டவர்தான் வேண்டுமென்பதில்லை, வங்காளியோ மணிப்பூரியோ போதும். அடுத்தது, பேசினால்தான் முடியும் என்கிற வேலையைக் கொடுங்கள். ‘ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?’ என்ற தலைப்பு மூன்று நிமிடத்தில் செத்துவிடும். ஒரே ரயில் கால அட்டவணையை இரண்டு பிரதியாக எடுத்து, ஒன்றில் பாதி நேரங்களையும் மற்றதில் மீதிப் பாதியையும் அழித்துவிட்டு, இருவரும் காகிதத்தைக் காட்டாமல் கேட்டுக் கேட்டு நிரப்பச் சொல்லுங்கள். கூச்சம் தானாக மறந்துபோகும்.

மேசைக்கு ஒரு பொறுப்பாளர், வாரம் ஒருவர். அவர் வேலை, ஆங்கிலம் எட்டிப் பார்த்தால் அட்டையை விரலால் தட்டிக் காட்டுவது மட்டும். திருத்துவது அவர் வேலை இல்லை. நன்றாகப் பேசுகிற ஒருவர் வாத்தியாராகிவிட்டால் மற்ற மூவரும் மாணவராகிவிடுவார்கள், வட்டம் வகுப்பாகிவிடும்.

ஒரு ஜெர்மன்காரரோடு டேண்டம் தொடங்கியிருக்கிறேன். அவர் எனக்கு ஜெர்மன், நான் அவருக்குத் தமிழ். ஜெர்மன் பாதி நன்றாகப் போகிறது. தமிழ்ப் பாதியில் நான்தான் திணறுகிறேன். எந்தத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது என்றே தெரியவில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

தமிழர்கள் பலர் தமிழ்ப் பாதியைத் தானம் மாதிரி நினைத்து, ‘பரவாயில்லை, ஜெர்மனே பேசுவோம்’ என்று விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் டேண்டம் சரியத் தொடங்கும். 1960-களில் பிரெஞ்சு, ஜெர்மன் இளைஞர் சந்திப்புகளில் உருவான இந்த முறைக்கு இரண்டே விதிகள்: கொடுப்பதும் வாங்குவதும் சமம், தன் படிப்புக்குத் தானே பொறுப்பு. பாதிக்குப் பாதி நேரம் உடைந்தால் ஒருவர் இலவச ஆசிரியராகி, இரண்டு மாதத்தில் சலித்துப்போவார்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: இருபத்தைந்து நிமிடம் தமிழ், ஐந்து நிமிடம் அதில் வந்த திருத்தம், பிறகு இருபத்தைந்து ஜெர்மன், ஐந்து திருத்தம். வாரம் மாற்றி வாரம் எது முதலில் என்பதை மாற்றுங்கள். இரண்டாவதாக வரும் மொழி எப்போதும் களைப்பில் அடிபடும். பேச்சின் நடுவே குறுக்கிடாமல் தாளில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று அல்லது நான்கு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். பத்துச் சொன்னால் ஒன்றும் நிற்காது.

எந்தத் தமிழ்? பேச்சுத் தமிழிலிருந்து தொடங்குங்கள். ஆனால் முதல் நாளே, எழுதுவது ஒன்று, பேசுவது வேறொன்று என்பதைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் மூன்றாவது வாரம் அவர் ஒரு பாடப்புத்தகத்தோடு வந்து, நீங்கள் பேசுவது தப்பு என்பார். பத்து ஜோடி வாக்கியம் எழுதிக் கொடுங்கள்: ‘என்ன செய்கிறீர்கள்?’ – ‘என்ன பண்றீங்க?’, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ – ‘வந்துட்டிருக்கேன்’, ‘எனக்குத் தெரியவில்லை’ – ‘எனக்குத் தெரியல’. ஜெர்மானியருக்கு இது புரியாத விஷயமில்லை; சுவிட்சர்லாந்தில் எழுதுவது ஏட்டு ஜெர்மன், பேசுவது சுவிஸ் ஜெர்மன் என்று அவருக்கே தெரியும். நீ, நீங்க என்பதில் முதல் மூன்று மாதம் ‘நீங்க’ மட்டும் சொல்லிக்கொடுங்கள். தப்பான இடத்தில் ‘நீங்க’ சொன்னால் சிரிப்பார்கள், ‘நீ’ சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ஒலியில் எல்லோரும் செய்யும் தவறு, ‘ழ’வில் தொடங்குவது. பெருமைக்காக அதை முதலில் வைத்து, அவரை அரை மணி நேரம் நாக்கை மடிக்க வைத்துக் களைக்கடிப்பார்கள். ழகரத்தை நாட்டில் பாதிப் பேர் ளகரமாகச் சொல்லியே காலம் தள்ளுகிறார்கள். பொருள் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும்தான் முதலில் வேண்டும்: கல் – கால், படு – பாடு, பாடு – பாட்டு, படம் – பட்டம். ஜெர்மானியருக்கு நெடில் வரும், இரட்டை ஒற்று வராது. எழுத்தில் இரண்டு இருந்தாலும் ஒன்றாகவே உச்சரிப்பது அவர்கள் வழக்கம். ‘பட்’ என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, ‘டம்’ என்று சொல்லவைத்தால் பிடித்துக்கொள்வார்கள். ல – ள, ன – ண அதற்கு அப்புறம். பல்லி, பள்ளி, மனம், மணம். ழகரம் கடைசியில் தானாக வரட்டும்.

இலக்கணக் காரணம் கேட்டு மடக்கினால் வெட்கப்பட வேண்டாம். ‘அவனைப் பார்த்தேன்’ என்கிறோம், ‘படம் பார்த்தேன்’ என்பதில் மட்டும் ஐ எங்கே போயிற்று? தமிழ் பேசுகிற யாருக்கும் சட்டென்று பதில் வராது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இப்படிச் சேரும் கேள்விகளால் தமிழை முதல் தடவையாக வெளியிலிருந்து பார்ப்பீர்கள்.

நான் யாழ்ப்பாணம். இஞ்ச ஒஸ்லோவில் மொழிக் கஃபேயில் ஒரு நோர்வேக்காரிக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கிறன். அவ சென்னைப் புத்தகம் ஒண்டில படிச்சவ. ‘கதைக்கிறியள்’ எண்டால் பிழை, ‘பேசுறீங்க’ எண்டுதான் வரும் எண்டு எனக்கே திருத்துறா!
– வாசகி, ஒஸ்லோ

உங்கள் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள், மாற்றிக்கொள்ள வேண்டாம். வேறு வட்டாரத்தின் பேச்சை நடித்துக் கற்பித்தால் இரண்டும் கலந்த ஒன்று அவர் வாயில் வரும்; அதை எந்த ஊரிலும் யாரும் பேசுவதில்லை. ஒஸ்லோவில் அவர் தமிழ் பேசப்போவதும் பெரும்பாலும் உங்கள் ஊர்க்காரரோடுதான். அவரிடம் இதை விளக்க நோர்வேயே கைகொடுக்கும். அந்நாட்டில் புக்மோல், நீநொர்ஸ்க் என்று எழுத்து வழக்கே இரண்டு; பேச்சில் ஊருக்கு ஒன்று, வானொலியிலும் அவரவர் வட்டார வழக்கில்தான் பேசுவார்கள். பெர்கன்காரர் பேசுவதை ஒஸ்லோ புத்தகத்தை வைத்துத் திருத்துவீர்களா என்று கேளுங்கள், புரிந்துவிடும்.

ஒரு ஏற்பாடு செய்யலாம். அவருடைய குறிப்பேட்டில் மூன்று பத்தி: எழுத்துத் தமிழ், உங்கள் பேச்சு, புத்தகப் பேச்சு. ‘பேசுகிறீர்கள்’, ‘கதைக்கிறியள்’, ‘பேசுறீங்க’. பேசும்போது நடுப்பத்தி மட்டும். சினிமா பார்க்கும்போது கடைசிப் பத்தி உதவும்.

ஜப்பானியம் பேசும்போது குரல் தணிகிறது, அடிக்கடி தலை குனிகிறேன், எதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். இது வேஷமா?
– வாசகர், திருச்சி

இல்லை. மொழியியலாளர்கள் அனெட்டா பாவ்லென்கோவும் ஜான்-மார்க் டெவேலும் 2001 முதல் 2003 வரை இணையத்தில் நடத்திய கேள்வித்தாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பன்மொழியாளர்களிடம், வேறு மொழி பேசும்போது வேறு ஆளாக உணர்கிறீர்களா என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் ஆமாம் என்றார்கள். ஜப்பானியத்தில் வினைமுற்றே மரியாதையைச் சுமந்துகொண்டு வருகிறது. மன்றத்தில் நீங்கள் கற்பது முழுக்க மரியாதை வடிவம். மேலதிகாரியிடம் தமிழில் பேசும்போதும் உங்கள் குரல் தணியும், அதை யாரும் வேஷம் என்பதில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மன்றத்தில் மட்டும் பழகிய மொழியில் கோபம், கிண்டல், செல்லம் எதுவும் இருக்காது. அந்தக் குறைதான் பல சமயம் ‘நான் நானாக இல்லை’ என்று தோன்றவைக்கிறது. நண்பர்களுக்குள் பேசும் எளிய வடிவத்துக்கு வாரம் ஒரு சுற்று ஒதுக்கச் சொல்லுங்கள்: ஒருவர் தாமதமாக வந்ததற்குக் கோபிக்க வேண்டும், மற்றவர் சாக்குச் சொல்ல வேண்டும்.

பன்னாட்டுச் சந்திப்புகளில் பேசும் மொழிகளுக்கான கொடி ஒட்டியைச் சட்டையில் ஒட்டச் சொல்கிறார்கள். தமிழுக்கு எந்தக் கொடி?
– வாசகர், புதுச்சேரி

எதுவும் வேண்டாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றிலும் தமிழுக்கு அரசியல் சட்ட இடம் உண்டு. எதை ஒட்டினாலும் யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். இந்தியக் கொடியைப் பார்த்துவிட்டு இந்தியில் பேச வருகிறவர்களும் உண்டு. வெள்ளைக் காகிதத்தில் ‘தமிழ்’ என்று தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ‘இது என்ன எழுத்து?’ என்று கேட்டு நான்கு பேர் வருவார்கள். அமைப்பாளரிடம் இதையே எல்லோருக்கும் பரிந்துரையுங்கள்: கொடிக்குப் பதில் மொழியின் பெயர் அதன் எழுத்தில், பக்கத்தில் புள்ளிகள், ஒரு புள்ளி தொடக்கம், இரண்டு புள்ளி உரையாடுவேன், மூன்று புள்ளி சரளம். குர்து, கட்டலான், பாஸ்க் மொழிக்காரர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

எஸ்பெராண்டோ யாருடைய மொழியும் இல்லை, அதனால் எல்லோருக்கும் சமம் என்கிறார்கள். அப்படியொரு மொழியைக் கற்று என்ன பயன்? அதைப் பேசுகிறவர்களுக்கு என்ன அடையாளம்?
– வாசகர், சேலம்

யாருடைய மொழியும் இல்லை என்பது தொடக்கத்தில் சரி. போலந்தின் பியாவிஸ்தோக்கில் பிறந்த கண் மருத்துவர் ஸாமென்ஹோஃப் தான் உருவாக்கிய இந்த மொழியின் முதல் நூலை 1887-இல் வெளியிட்டார். ரஷ்யம், போலிஷ், யிட்டிஷ், ஜெர்மன் என்று ஊரே மொழிவாரியாகப் பிரிந்து கிடந்ததுதான் அவரை இதில் இறக்கியது. 1905-இல் பிரான்சின் பூலோன்-சூர்-மேரில் முதல் உலக மாநாடு. அங்கே செய்த பிரகடனம், எந்த நோக்கத்துக்காகவானாலும் மொழியை அறிந்து பயன்படுத்துபவரே எஸ்பெராண்டியர் என்றது. ரத்தம், ஊர், கொள்கை எதுவும் கேட்கவில்லை. 1980-இல் ஃபின்லாந்தின் ராவ்மாவில் கூடிய இளைஞர்கள் இன்னும் ஒரு படி போய், உலகம் முழுவதும் எஸ்பெராண்டோ வெல்லும் என்று காத்திருக்க வேண்டாம், நாம் நாமாக விரும்பிச் சேர்ந்த, பல நாடுகளில் பரவிக் கிடக்கும் ஒரு மொழிச் சிறுபான்மை என்று அறிவித்தார்கள். இரண்டு அணியும் இன்றும் உண்டு. மன்றத்தில் சேர்ந்த மறுவாரமே இந்த வாக்குவாதத்தைக் கேட்பீர்கள். எஸ்பெராண்டோ பேசும் பெற்றோரிடம் அதைக் குழந்தையிலிருந்தே கற்று வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆக இப்போது ‘யாருடையதும் இல்லை’ என்று சொல்ல முடியாது.

தமிழருக்கு இதன் அமைப்பு பழகியதுபோல இருக்கும். ஒட்டு மேல் ஒட்டு. டொமோ வீடு, டொமோய் வீடுகள், டொமோய்ன் வீடுகளை. சானா என்றால் நலமான, முன்னால் ‘மால்’ சேர்த்தால் நோயுற்ற, பின்னால் ஆளைக் குறிக்கும் ‘உல்’, இடத்தைக் குறிக்கும் ‘எய்’, பெயரென்று காட்டும் ‘ஓ’, மால்சானுலேயோ, மருத்துவமனை. இலக்கணம் பிடிபடுவது சீக்கிரம். தடுமாறுவது ஒலியில். மெய்யில் முடியும் சொல்லுக்கு நாம் ஒரு உகரம் சேர்த்துவிடுவோம், ‘எஸ்டாஸ்’ என்பதை ‘எஸ்டாசு’ என்போம். தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்தில் அடங்கும் p, b மாதிரி ஒலிகளையும் வேறு வேறு எழுத்தாக எழுதிப் பழக வேண்டும். அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில், விதிவிலக்கே இல்லை.

பயன்? வேலைக்கு என்றால் இல்லை, அதைச் சொல்லிவிடுவோம். பயணத்துக்கு உண்டு. பாஸ்போர்ட்டா செர்வோ என்ற ஏற்பாட்டில் எஸ்பெராண்டியர்கள் வெளியூர் எஸ்பெராண்டியரை வீட்டில் இலவசமாகத் தங்கவைக்கிறார்கள். கூட்டங்களில் ஒரு பழக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: எஸ்பெராண்டோ புழங்கும் இடத்தில் சொந்த மொழியில் பேசுவதை ‘முதலைத்தனம்’ என்று கேலி செய்வார்கள். இரண்டு தமிழர் ஓரமாக நின்று தமிழில் பேசினாலும் முதலைதான்.

எங்கள் மன்றத்தில் ஆண்டு விழாவுக்கு ‘மொழி உருவப்படம்’ செய்யலாம் என்கிறார்கள். அது என்ன? எப்படி நடத்துவது?
– வாசகி, கோலாலம்பூர்

மனித உருவத்தின் வெளிக்கோடு அச்சிட்ட தாளில், தன் வாழ்வில் உள்ள மொழிகளை வெவ்வேறு நிறத்தில் உடம்பின் வெவ்வேறு இடத்தில் தீட்டுவது. வியன்னா பல்கலைக்கழகத்தின் பிரிகிட்டா புஷ் இதை ஆராய்ச்சி முறையாக வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர்.

ஆளுக்கு ஒரு ஏ4 தாள், குழுவுக்குப் பன்னிரண்டு நிறமாவது இருக்கும் பென்சில் பெட்டி. நான்கு நிறம் மட்டும் கொடுத்தால் நான்கு மொழிதான் வரும். மாதிரிப் படம் காட்டவே கூடாது. காட்டினால் எல்லோரும் தமிழை நெஞ்சிலும் ஆங்கிலத்தைத் தலையிலும் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். தெரிந்த மொழி மட்டுமல்ல, காதில் விழும் மொழி, பிரார்த்தனை மொழி, மறந்துபோன மொழி, கற்க ஆசைப்படும் மொழி, வட்டார வழக்கு எல்லாம் சேரும் என்று முன்பே சொல்லுங்கள். மலேசியாவில் பலருக்கு ஹொக்கியென் என்ற சீன வழக்கு இப்படிச் சந்தைவழி மட்டும் வந்திருக்கும். தீட்டப் பதினைந்து நிமிடம். நிறத்துக்கு எந்த மொழி என்று ஓரத்தில் எழுதவேண்டும். பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம் பேச்சு, குழுவில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம்.

கெட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். ‘தமிழ் ஏன் காலடியில் கிடக்கிறது?’ என்று யாராவது கேட்பார்கள், வரைந்தவர் தற்காப்பில் இறங்குவார். அவருக்குக் காலடி என்பது தான் நிற்கும் மண்ணாக இருக்கலாம். படத்துக்கு அர்த்தம் சொல்வது வரைந்தவர் மட்டும். மற்றவர் ‘இந்தப் பச்சையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்கலாம், அவ்வளவுதான். பேச விரும்பாதவரை விட்டுவிடுங்கள். அனுமதி வாங்காமல் படங்களைச் சுவரில் ஒட்டவோ முகநூலில் போடவோ கூடாது.

மன்றத்துக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தால் எல்லோரும் அவரையே சுற்றிக்கொள்கிறார்கள். பத்து வருடம் படித்த எங்களிடம் யாரும் பேசுவதில்லை.
– வாசகர், திருநெல்வேலி

அவரை ஒரு மேசைக்கு இருபது நிமிடம் என்று சுற்றவிடுங்கள். ஒரே இடத்தில் உட்காரவைக்காதீர்கள். ஐரோப்பிய கவுன்சில் தன் மொழித் தர அளவுகோலை விரிவாக்கி வெளியிட்டபோது, பிறப்பால் பேசுகிறவரை அளவாக வைத்திருந்த வரிகளை எடுத்தேவிட்டது. உங்கள் மன்றம் இன்னும் பழைய பதிப்பில் இருக்கிறது.

தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு ‘ஏன் இப்படி வருகிறது?’ என்று விளக்கத் தெரியாது, உச்சரிப்பையும் பழமொழியையும் அவரிடம் வாங்கலாம். தவறு எங்கே வரும், எப்படித் தாண்டுவது என்பது பத்து வருடம் படித்தவருக்குத்தான் தெரியும். அதை அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம்: ‘இன்று வினைக்கால ஐயங்களுக்கு மூன்றாம் மேசை’.

டேண்டம் தேடிப் பதிவிட்டேன். வந்த செய்திகளில் பாதி மொழிக்காக வந்தவை இல்லை. விட்டுவிடலாமா?
– வாசகி, ஈரோடு

விடவேண்டாம், வாசலை மாற்றுங்கள். பதிவில் படத்துக்குப் பதில் நிலை, நேரம், தலைப்பு மூன்றையும் எழுதுங்கள்: ‘ஸ்பானியம் ஏ2, சனி இரவு எட்டு மணி, சமையலும் செய்தியும்’. தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி எண் முதல் மாதம் கிடையாது. முதல் மூன்று சந்திப்பை மூவராக நடத்துங்கள். இரண்டு கற்பவர், ஒரு ஸ்பானியர். வந்த நோக்கம் வேறாக இருப்பவர் மூவர் சந்திப்பில் இரண்டாம் வாரமே காணாமல் போவார். வேலை எங்கே, வீடு எங்கே, கல்யாணமா என்ற கேள்விகள் பாடப் பயிற்சி என்ற பெயரிலும் வரும். கற்பனையான ஒரு ஆளை உருவாக்கி அவரைப் பற்றிப் பதில் சொல்லுங்கள், மொழிப் பயிற்சிக்கு அது போதும். எல்லை தாண்டினால் விளக்கம் தராமல் தடுத்துவிட்டு, நடத்துபவரிடம் சொல்லுங்கள்.

பெர்லின் நண்பர்களோடு இரவு ஏழரைக்குச் சந்திப்பு. வருடத்தில் இரண்டு தடவை நாங்களோ அவர்களோ ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நம் ஏழரை மணி கோடையில் பெர்லினுக்கு மாலை நான்கு, குளிர்காலத்தில் மூன்று. யார் கடிகாரம் நிலையானது என்று முடிவு செய்து அழைப்பிதழில் எழுதிவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள் என்றால் பெர்லின் நேரத்தை நிலையாக வையுங்கள்; நமக்குத்தான் குளிர்காலத்தில் எட்டரை ஆகும். அமெரிக்கர் சேர்ந்தால் இன்னும் சிக்கல்: அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறுவதால், நடுவில் சில வாரம் மூன்று நாட்டுக் கணக்கும் பொருந்தாது. அந்த வாரங்களில் சந்திப்புக்கு முதல் நாள் நினைவூட்டல் அனுப்புங்கள். ஜப்பானில் கடிகார மாற்றமே இல்லை. ஆனால் நம் ஏழரை அவர்களுக்கு இரவு பதினொன்று, ஆகவே அவர்களோடு நம் மாலை ஐந்து மணிக்கு வையுங்கள்.